பெயர் சொல்லாத கடிதம்

புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீடுகளில் பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவை அடுக்குக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்கும். லிவ்ரே தெ ஃபமிய். எங்கள் வாயில் வெறும் லிவ்ரே. ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய என் பாட்டி, லிவ்ரே வைத்த இடத்தில் இல்லையென்றால் வீட்டை ரெண்டு பண்ணிவிடுவாள். பென்ஷன், பாஸ்போர்ட், லிசேயில் பிள்ளையைச் சேர்ப்பது என்று எதற்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முதல் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி, அதன் பிறகு பிள்ளைகள் வரிசையாக. ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே பிறப்பு, கீழே இறப்பு. இறப்புக்கு நாள் உண்டு, ஊர் உண்டு, அதிகாரி கையெழுத்து உண்டு, முத்திரை உண்டு. எதனால் என்று எழுத இடம் கிடையாது.

1881-இல் வந்த ஆணைப்படி சொந்த வழக்கங்களை விட்டுக்கொடுத்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ் வந்து, புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்ட ரெனோன்சான் வம்சம் எங்களுடையது. தாத்தா சைகோனில் சுங்கத்துறைக் குமாஸ்தா. 1962 ஆகஸ்ட் 16-இல், புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் நடப்புக்கு வந்து, ஆறு மாதத்துக்குள் எந்த தேசம் என்று சொல்லுங்கள் என்றபோது தாத்தா உயிரோடு இல்லை. பாட்டிதான் கையெழுத்துப் போட்டாள். இதையெல்லாம் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் தேதியோடு சொல்லும். தாத்தா எதனால் செத்தார் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு கதை.

சைகோனிலிருந்து லீவில் வந்தவருக்கு வயிற்றுக் கடுப்பு நிற்கவே இல்லையாம். வெளிக்குப் போகும்போது ரத்தம். மூலம் என்று ஒரு வைத்தியர் பத்தியம் வைத்தார். அப்புறம் சொத்துத் தகராறில் யாரோ சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, வில்லியனூர்ப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போய் மருந்து எடுத்தார்கள். வாயில் குழலை வைத்து உறிஞ்சி, தலைமுடியும் ஏதோ கறுப்பு உருண்டையும் எடுத்துக் காட்டினாராம். தாத்தாவுக்கு இரண்டு நாள் தேவலை போலக்கூட இருந்ததாம். 1951-இல், நாற்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். மருந்து வைத்தவர் என்று சந்தேகப்பட்ட பங்காளி வீட்டோடு நாங்கள் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். அந்த வீட்டுப் பிள்ளை என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டான்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முந்தின நாள் ஊரெல்லாம் விடுதலை நாள் கொடி. மறுநாள் உப்பளம் கல்லறையில் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும். சிறுவயதில் எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு. சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகு, எழுத்துப் பள்ளங்களில் கறுப்புப் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் நிரப்புவது. எழுத்துக்கு மேல் எழுத்தாக அதே ஆண்டுகளைத் தொட்டுத் தொட்டு எனக்கு அவை மனப்பாடம். தாத்தா 1906–1951. அத்தை 1934–1977. சித்தப்பா 1941–1980. கழித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கணக்கில் நான் மோசமில்லை. செத்தவர்கள் எல்லாருமே கிழவர்கள் என்று குழந்தைக்குத் தோன்றும் இல்லையா, அவ்வளவுதான்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குளூனி கன்னியர்களிடம் எம்பிராய்டரி கற்றவள், வீட்டிலேயே உட்கார்ந்து மேஜை விரிப்புகளுக்குப் பூ போடுவாள். நூலை வாயில் ஈரப்படுத்தி ஊசியில் கோத்துவிட்டு, நுனியைப் பல்லால் கடிக்கும் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அவள் வேலை செய்யும் துணியை யாரும் தொடக்கூடாது. வெள்ளைத் துணியில் ஒரு அழுக்கு விரல் பட்டால் போயிற்று. கடைசி ஒரு வருஷம் அவள் தன் துணிகளையும் யாரையும் தொடவிடவில்லை. விடியற்காலை எல்லாரும் எழுவதற்கு முன்னால் கிணற்றடியில் அவளே துவைத்து, கொல்லையில் பழைய போர்வைக்குப் பின்னால் காயப்போடுவாள். பெரியம்மா ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, "மாச விஷயம்தான் அண்ணி, வயசாவுதில்ல" என்றாளாம். மாதத்தில் இருபது நாள் மாச விஷயமா என்று பெரியம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது, மாமியாரிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை முழுக்கப் பரவியிருந்தது.

இன்னொரு தையற்காரியைப் பற்றிப் படித்தது ரொம்ப வருஷம் கழித்து. 1895-இல் அமெரிக்காவில், மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவர். அவருக்குத் தெரிந்த தையற்காரி பாலின் கிராஸ் ஒருநாள் வருத்தமாக இருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, நான் சீக்கிரமே செத்துப்போவேன், எங்கள் வீட்டில் எல்லாருமே குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள் என்றாள். அந்தக் காலத்து மருத்துவர் இதைப் பெண்பிள்ளைப் பிதற்றல் என்று தட்டிக்கழித்திருக்கலாம். வார்த்தின் உட்கார்ந்து கேட்டு, அவள் குடும்ப மரத்தை எழுத ஆரம்பித்தார். 1913-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 'குடும்பம் ஜி' என்று பெயர் வைத்தார். பாலின் சொன்னபடியே 1919-இல், கர்ப்பப்பைப் புற்றில், நாற்பதுகளின் நடுவில் இறந்தாள். வார்த்தினுக்கும் குறை உண்டு. பரம்பரைக் குறை உள்ளவர்கள் பெருகக்கூடாது என்ற அந்தக் காலத்து இன மேம்பாட்டுப் பித்து அவரையும் பிடித்திருந்தது. அது அவருடைய எழுத்துக்குப் பின்னாளில் நல்ல பேர் வாங்கித் தரவில்லை.

பாலினைப் பற்றிப் படித்துவிட்டு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அத்தையும் பாலினும் ஊசியைப் பிடித்தது தற்செயல். பாலினுக்குத் தன் வீட்டுச் சாவுகளை இன்னொருவரிடம் சொல்லத் தெரிந்திருந்தது. அத்தை போர்வைக்குப் பின்னால் துணியைக் காயப்போட்டாள். வித்தியாசம் அதுதான்.

வார்த்தினுக்குப் பிறகு விஷயம் தூங்கிவிட்டது. 1960-களில் நெப்ராஸ்கா மாநிலம் ஓமஹாவில் ஹென்றி லின்ச் என்ற இளம் மருத்துவர், குடித்துக் குடித்து உடம்பு கெட்டு வந்த ஒரு நோயாளியைப் பார்த்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்றால், எங்கள் வீட்டில் எல்லாரும் குடல் புற்றில்தான் சாகிறோம், நானும் அப்படித்தான் போகப்போகிறேன் என்றான். லின்ச் இளவயதில் குத்துச்சண்டை போட்டவர். பிடித்ததை விடும் ஆள் இல்லை. 1966-இல் இரண்டு குடும்பங்களின் கதையைப் பதிப்பித்தார். சூழலைக் குறை சொல்வதே அப்போது நாகரிகம். பரம்பரை என்றவரை அதிகம் பேர் நம்பவில்லை. 2019-இல் அவர் இறந்தபோது அந்த நோய் அவர் பெயரிலேயே லின்ச் சிண்ட்ரோம் என்று உலகம் முழுக்க அறியப்பட்டிருந்தது. குடல் புற்று வரும் நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இதுதான் காரணம். பாலின் கிராஸின் குடும்பத்தில் கெட்டுப்போயிருந்த ஜீன் எது என்று 2000-இல் கண்டுபிடித்தார்கள். அவள் சொன்னதற்கும் அதற்கும் இடையில் ஒரு நூற்றாண்டு.

அந்த ஜீனின் வேலை என்ன என்பது எனக்கு வேறொரு வழியாகப் புரிந்தது. இளவயதில் கொஞ்ச காலம் பிரெஞ்சு நிறுவனத்தில் ஓலைச்சுவடிப் பெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தேன். செயின்ட் லூயி வீதியில், கடலைப் பார்த்த கட்டடம்; 1955-இல் தொடங்கியது. அங்கிருக்கும் சைவாகமச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஒருவர் கிரந்த ஏட்டைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் தாளில் எழுதிய பிரதியை விரலால் தொட்டுக்கொண்டே வருவார். பெயர்த்து எழுதுகிறவர் எவ்வளவு பெரிய பண்டிதராக இருந்தாலும் தவறு வரும். அதிலும் ஒரே அசை திரும்பத் திரும்ப வரும் இடத்தில் கண் வழுக்கும். ஐந்து தடவை வர வேண்டியது நான்காகும், ஆறாகும். ஒப்பிடுகிறவருக்கு ஒரு விதி உண்டு. பிரதியைத்தான் திருத்த வேண்டும், மூல ஏட்டில் கைவைக்கக் கூடாது. எது மூலம், எது பிரதி என்று தெரியாமல் போனால் திருத்தம் என்பதே இன்னொரு பிழை.

உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது ஏறத்தாழ 600 கோடி எழுத்து உள்ள டிஎன்ஏவைப் பெயர்த்து எழுத வேண்டும். எழுதும் என்ஸைமே தன் பிழையைப் பெரும்பாலும் அங்கேயே திருத்திக்கொள்கிறது. அப்படியும் கோடிக்கு ஒன்று என்று வைத்தால்கூட அறுநூறு பிழை தங்கும். அதற்குப் பின்னால் ஒப்பிடுகிறவர்கள் வருகிறார்கள். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக இழையைத் தடவிக்கொண்டே போய், பொருந்தாத எழுத்தில் நிற்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற இன்னொரு ஜோடி வந்து, புதிய இழையில் மட்டும் வெட்டும். பிழையான துண்டை அரித்தெடுத்துவிட்டு இடத்தைப் புதிதாக எழுதி நிரப்புவார்கள். பிழை நூறு கோடிக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். பாக்டீரியாவில், எது பழைய இழை எது புதிய இழை என்பதை அந்தப் புரதங்கள் எப்படி அடையாளம் காண்கின்றன என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டியவர் பால் மாட்ரிச். டிஎன்ஏ பழுதுபார்ப்புக்காக 2015-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர். மற்ற இருவர் தாமஸ் லிண்டால், அஜீஸ் சஞ்சார்.

ஒவ்வொரு ஜீனும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. லின்ச் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஒன்று பிறக்கும்போதே கெட்டது. மற்றது வேலை செய்யும்வரை ஒன்றும் தெரியாது. குடலின் உள் தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பிக்கப்படுகிறது, அவ்வளவு பெயர்ப்பு அங்கே நடக்கிறது. எங்கோ ஒரு செல்லில் நல்ல பிரதியும் போய்விட்டால், அந்தச் செல்லின் வம்சத்துக்கு ஒப்பிட ஆள் இல்லை. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் நீண்டும் சுருங்கியும் தாறுமாறாகும். அந்த அடையாளத்தை 1993-இல் குடல் கட்டிகளில் பார்த்த பிறகுதான் ஆய்வாளர்கள் ஜீனைத் தேடி ஓடினார்கள்; அந்த ஆண்டே எம்எஸ்எச்2, அடுத்த ஆண்டு எம்எல்எச்1.

அப்பாவுக்கு 'குடல்ல கட்டி' என்று கத்தி வைத்தது 1989-இல். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு. பெற்றோர் எதனால் இறந்தார்கள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தாலும் அந்த ஜீனுக்கு அன்றைக்குப் பெயரே கிடையாது. பெருங்குடலில் ஒரு முழத்தை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். மறுபடி கறிக்குழம்பு சாப்பிட்டார், சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தார், பெத்தாங்க் விளையாடும் இடத்தில் குண்டு எறிகிறவர்களோடு வாக்குவாதம் செய்தார். எழுபத்தொரு வயதுவரை இருந்தார். இந்தப் பிழை நிறைந்த கட்டிகள் பரவுவதற்கு முன்னால் அகப்பட்டால் மற்றதைவிட நல்லபடியாகவே போகும் என்று இப்போது சொல்கிறார்கள். பிழை கூடக்கூட அந்தச் செல் உடம்பின் காவலுக்கு அந்நியமாகத் தெரியும் என்பது காரணம். நியூயார்க்கில் இந்த வகை மலக்குடல் கட்டி உள்ள பன்னிரண்டு பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்து, கத்தியோ கதிரோ இல்லாமல் பன்னிரண்டு பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது என்று 2022-இல் செய்தி வந்தது. அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்ல முடிந்திருந்தால் "வெள்ளைக்காரன் சும்மா இருக்கமாட்டான்" என்றிருப்பார். வெள்ளைக்காரன் எது செய்தாலும் அவர் சொல்வது அது ஒன்றுதான்.

கடிதம் வந்தது கொரோனாவுக்கு முந்தின வருஷம். பிரான்சில் ஒரு மருத்துவமனையிலிருந்து, பெரியப்பா பெயருக்கு. எண்பத்தெட்டு வயது அவருக்கு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரல். தங்களைப் பாதிக்கக்கூடிய, குடும்பம் சார்ந்த ஒரு மருத்துவத் தகவல் உள்ளது. தாங்கள் ஒரு மரபியல் மருத்துவரைச் சந்திக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். யாருக்கு நோய், என்ன நோய், ஒரு எழுத்து இல்லை. பெரியப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி.

பிரான்சில் சட்டம் அப்படி. ஒருவருக்குப் பரம்பரைக் கோளாறு உறுதியானால், தடுக்கவோ கவனிக்கவோ வழியுள்ள பட்சத்தில், ரத்த உறவினருக்குத் தெரிவிப்பது அவர் கடமை. தானே சொல்ல மனமில்லையென்றால் மருத்துவரிடம் முகவரிகளைக் கொடுத்துவிடலாம். மருத்துவர் எழுதும் கடிதத்தில் நோயாளியின் பெயரும் இருக்கக்கூடாது, கோளாறின் பெயரும் இருக்கக்கூடாது. பெயர் தெரியக்கூடாது என்பது பாரிஸில் செல்லும். புதுச்சேரியில் அன்று சாயங்காலத்துக்குள் யார் என்று தெரிந்துவிட்டது. பிரான்சில் சார்செலில் இருக்கும் சித்தப்பா மகன். வீட்டுப் பாகப்பிரிவினையில் மனக்கசப்பாகி, எங்கள் யாரோடும் வருஷக்கணக்காகப் பேசாதவன். நாற்பத்தேழு வயதில் அவனுக்குப் பெருங்குடலில் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. பேசமாட்டேன் என்றவன் எல்லாருடைய முகவரியையும் பின்கோடு உட்படச் சரியாக எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பதைப் பெரியம்மாதான் கவனித்துச் சொன்னாள்.

வீட்டில் இரண்டு கட்சி. கிழித்துப் போடு, நம்ம வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது என்று ஒன்று. போய்த்தான் பார்ப்போமே என்று என் தங்கை. "மாமன் மகளைக் கட்டறப்ப ரத்தம் பாக்கலை, இப்ப என்னத்துக்கு?" என்று ஒரு சித்தி கேட்டாள். அவள் கேட்டதில் அவளே அறியாத ஒரு நியாயம் இருந்தது. குடல் புற்றில் எல்லாப் பரம்பரையும் ஒரே வழியில் இறங்குவதில்லை. லின்ச் என்றால் ஒரு பெற்றோரின் ஒரு கெட்ட பிரதி போதும், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. 2002-இல் கார்டிஃபில் ஒரு குடும்பத்தின் மூன்று உடன்பிறந்தவர்களை ஆராய்ந்து கண்டுபிடித்த மியூட்-ஒய்-எச் என்ற பழுதுபார்ப்பு ஜீனில், அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இரண்டுமே கெட்டதாக வந்தால்தான் குடலில் பாலிப்புகள் கொத்தாக முளைக்கும். பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதில் அதிகம் காணும் பிழைகள் ஐரோப்பியரிடம் வேறு, இந்திய வம்சாவளியில் வேறு, பாகிஸ்தானியரிடம் வேறு. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நம் பக்கத்தில், ஒரே பாட்டன் வழியாக ஒரே கெட்ட பிரதி இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்புக் கூடும். லின்ச் ஜீன்கள்கூட அப்படி இரண்டும் கெட்டுப் பிறந்த குழந்தைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே மூளையில் கட்டி, ரத்தப் புற்று என்று வரலாம். சித்தியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் மாமனைக் கட்டியவள்.

சென்னைக்குப் போனோம். ஜிப்மர் கோரிமேட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எதற்கு அங்கே என்று பெரியப்பாவுக்குக் குறை. 1823-இல் பிரெஞ்சுக்காரன் வைத்த வைத்தியப் பள்ளியின் வழித்தோன்றல் அது என்பதில் அவருக்குச் சொந்தச் சொத்துப்போலப் பெருமை. பரம்பரைப் புற்றுக்கென்று தனி கிளினிக்கை இந்தியாவில் முன்பே தொடங்கிய இடங்களில் ஒன்று அடையாறு புற்றுநோய் நிலையம். அந்த நிலையத்தின் டாக்டர் ராஜ்குமார் குழுவினர் 2004-இலேயே இங்குள்ள குடல் புற்று நோயாளிகளின் எம்எஸ்எச்2, எம்எல்எச்1 ஜீன்களைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நாங்கள் போனது வேறு இடம், தங்கையின் சிநேகிதி சொன்ன இடம்.

ஆலோசகர் சின்னப் பெண். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு பெரிய தாளை எடுத்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. புற்று வந்தவருக்கு உள்ளே கறுப்பு. தங்கை பெருமையாக லிவ்ரேயை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "தேதியெல்லாம் ரொம்ப அழகா இருக்கும்மா. எதனாலன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். நாங்கள் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் தாத்தாவுக்கு மருந்து வைத்த பங்காளியின் கதையை ஆரம்பித்தார். பெரியம்மா அவர் கையில் தட்டி நிறுத்திவிட்டு, தான் பேச ஆரம்பித்தாள்.

கல்யாணம் ஆகி வந்தபோது மாமனார் ஏற்கெனவே இல்லை. ஆனால் அவர் எப்படிப் போனார் என்பதை மாமியார் அடுப்படியில் வைத்துச் சொன்னது அவளுக்கு அப்படியே இருந்தது. மலத்தின் நிறம், வயிற்றில் இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை மாதம். அத்தையின் துணிகள். சித்தப்பா ரெயூனியன் தீவிலிருந்து திரும்பி வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது, சாப்பிட்டதும் வயிறு உப்பியது. ரத்த உறவு எங்களுக்கு. துணி துவைத்தவள், கஞ்சி ஊட்டியவள், சட்டி எடுத்தவள் வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பக்கம் முழுவதும் அவளிடம் இருந்தது. ஆலோசகர் எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் விரலை மடக்கி எண்ணினாள். மூன்று பேர், இரண்டு தலைமுறை, ஒருவராவது ஐம்பதுக்குக் கீழே. 1990-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மருத்துவர்கள் வகுத்த பழைய சல்லடை அது. சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலைதான் என்றார் பெரியப்பா. குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் போனாலும் மஞ்சள் வரும், சார், என்றாள் அந்தப் பெண். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சித்தப்பாவின் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி விழுந்தது.

இதற்குப் பிறகுதான் ரத்தம். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ஆளுக்குக் கொஞ்சம். சித்தப்பா மகன் மனமிறங்கி, தன் ஜீனில் எந்த இடத்தில் எந்தப் பிழை என்ற ரிப்போர்ட்டை அனுப்பிவைத்திருந்ததால் தேடுவது சுலபமாயிற்று. அது இல்லாமல் இந்தியர் ஒருவரின் ரத்தத்தில் மொத்தமாகத் தேடினால், பொருள் இன்னும் தெரியாத மாற்றம் என்ற பதிலோடு திரும்புவது சகஜம். ஒப்பிட வைத்திருக்கும் தரவில் பெரும்பங்கு ஐரோப்பியருடையது. நம் எழுத்துகளில் எது வெறும் பாடபேதம், எது பிழை என்று சொல்ல நம் ஆட்களின் ஏடு போதுமான அளவு சேரவில்லை. 2000-களில் பழுதுபார்ப்பு ஜீன்களில் சின்னச் சின்ன வேறுபாடுகளை எடுத்து, இது இருந்தால் குடல் புற்று கொஞ்சம் கூடும், அது இருந்தால் கொஞ்சம் குறையும் என்று ஏகப்பட்ட ஆய்வுகள் வந்தன. ஒரு ஊரில் கண்டது அடுத்த ஊரில் நிற்காமல் அவற்றில் பல உதிர்ந்துவிட்டன. லின்ச் அந்தச் சின்ன வகை இல்லை. எம்எஸ்எச்2-இலோ எம்எல்எச்1-இலோ கோளாறு இருந்தால், எழுபத்தைந்து வயதுக்குள் குடலில் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியை நெருங்கும். பெண்ணுக்குக் கர்ப்பப்பையும் சேர்த்து. எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்றால் குடலில் அதைவிடக் குறைவு.

நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் எனக்கு நண்பர். லின்ச் கட்டி எப்படி இருக்கும் என்று ஒரு ஸ்லைடைக் காட்டினார். கண்ணாடிக்கு அடியில் நீலப் பின்னணி. எம்எஸ்எச்2 புரதம் இருக்கும் கரு பழுப்பாகச் சாயம் ஏற்கும். ஓரத்தில் நல்ல குடல் சுரப்பிகள், வட்டம் வட்டமாக, மிளகு தூவினாற்போலப் பழுப்புக் கருக்கள். நகர்த்தினால் கட்டி. வடிவம் கலைந்த சுரப்பிகள், கருக்கள் எல்லாம் வெறும் வெளிர் நீலம். நடுவில் அங்கங்கே மட்டும் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். அது என்ன என்றேன். கட்டிக்குள் நுழைந்திருக்கும் லிம்போசைட், உன் உடம்பின் சிப்பாய் என்றார். அவற்றில் நல்ல பிரதி இன்னும் இருக்கிறது, சாயம் வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. எம்எஸ்எச்2 போனால் அதோடு ஜோடி சேரும் எம்எஸ்எச்6-உம் நிற்காது என்று இன்னொரு ஸ்லைடையும் வைத்தார். இந்தச் சாயம் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. குடல் புற்று என்று கத்தி வைத்த ஒவ்வொருவரின் கட்டிக்கும் இதைப் போட்டுப் பார்த்தால், எத்தனை வீட்டுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பலாம். அவரும் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் கோபத்தோடு.

எனக்கு இல்லை. தங்கைக்கு இருந்தது.

அவளுக்கு இப்போது வருஷா வருஷம் கொலனாஸ்கோபி. முந்தின நாள் குடிக்க வேண்டிய லிட்டர்க் கணக்கு மருந்துத் தண்ணீர்தான் நோயைவிட மோசம் என்பாள். எலுமிச்சை வாசனை என்று போட்டிருந்தாலும் பினாயில் வாசனை என்பாள். முதல் தடவையே ஒரு பாலிப்பைக் கம்பி வளையம் போட்டு எடுத்தார்கள். ஆஸ்பிரின் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டாள். இங்கிலாந்தில் ஜான் பர்ன் குழு லின்ச் உள்ள 861 பேரை வைத்து நடத்திய சோதனையில், தினம் 600 மில்லிகிராம் இரண்டு வருஷமாவது எடுத்தவர்களுக்குப் பின்னாளில் குடல் புற்று கணிசமாகக் குறைந்தது. 2011-இல் ஒரு முடிவு, 2020-இல் பத்து வருஷத் தொடர்ச்சி. வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்தை எடைபோட்டு, அவளுடைய மருத்துவரே அளவைத் தீர்மானித்தார். அதே சோதனையில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். பழுக்காத வாழைப்பழத்தில் இருப்பது. அது குடல் புற்றை ஒன்றும் செய்யவில்லை, இரைப்பை, கணையம் பக்கம் வரும் மற்றப் புற்றுகளைத்தான் குறைத்தது. ஆறிய சோற்றிலும் அந்த மாவு கூடும் என்று தங்கை எங்கோ படித்துவிட்டாள். பழைய சோறு புற்றைக் குணப்படுத்தும் என்று வாட்ஸாப்பில் வரும் அத்தனையையும் அவள் எனக்கு அனுப்பத் தொடங்கியது அதிலிருந்துதான். பழைய சோறு நல்ல சாப்பாடு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிடு, அதைச் சோதனை என்று சொல்லாதே என்றேன்.

அவள் பெண்ணுக்கு இருபத்தைந்து. அவளுக்குச் சொல்லியாகிவிட்டது, சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு என்று விட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்பதில் இன்னும் கட்சி பிரிந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரன் என்ன செய்வான் என்ற பயமும் உண்டு. பரம்பரைக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று 2018-இல் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அமெரிக்காவில் 2008-இலிருந்து இருப்பதுபோல ஜீனுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. தீர்ப்பை அச்செடுத்து நான் கொடுத்தேன். தங்கை அதை லிவ்ரே இருக்கும் அடுக்கிலேயே வைத்திருக்கிறாள்.

பங்காளி வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். மருந்து வைத்ததாகச் சொன்ன வீடு. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனின் தாத்தாவும் என் தாத்தாவும் பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை. ஜீன் எந்தப் பாட்டனிடமிருந்து இறங்கியது என்று தெரியாததால் அவர்களுக்கும் அது வந்திருக்கலாம். அவன் முழுதாகக் கேட்டான். பிறகு, "அப்ப நாங்க மருந்து வைக்கலைன்னு இப்பதான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். அவனுடைய அக்கா ஐம்பதுக்குள் எதனால் போனாள் என்று கேட்டேன். அல்சர் என்றான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், உள்ளே போய் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துவந்தாள்.

ரெயூனியனில் இருக்கும் எங்கள் குடும்பக் கிளைக்குத் தங்கை பிரெஞ்சில் எழுதியிருக்கிறாள். பெரியப்பா இலக்கணம் திருத்தினார். பதில் இன்னும் வரவில்லை. சித்தப்பாவின் சதுரத்தில் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. காமாலைதான் என்கிறார் பெரியப்பா, வயிறு உப்பினதை நீங்க பார்த்தீங்களா என்கிறாள் பெரியம்மா.